மெர்வ் வாங்கிய விலக்கு

லோர்னா மூன்றாம் வகுப்பை மூன்றாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்த வருஷம்தான் டல்சி வாயைத் திறந்தாள்.

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க மேனேஜரின் மனைவிக்குத் தெரியாதோ, கறுப்பர்களுக்கு அதற்கு மேல் எதற்கு என்று சிட்னியில் இருந்த வெல்ஃபேர் போர்டு நினைத்ததோ, யாரும் கேட்டதில்லை. பதினாலு வயதுவரை பள்ளியில் இருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே மூன்றாம் வகுப்பை முடித்தவர்கள் மறுபடியும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள். பையன்கள் மேனேஜர் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பெண்பிள்ளைகள் துரைசானியின் துணிகளுக்கு இஸ்திரி போட்டார்கள். லோர்னா அந்த ஒரே வாசகப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தக் கறை இருக்கிறது என்பதுவரை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

முல்லிங்கா ஊரைத் தாண்டி, ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் இருந்தது மிஷன். தகரக் குடிசைகள், ஒரு தண்ணீர்க் குழாய், ரேஷன் கொட்டகை, மேனேஜரின் வெள்ளை வீடு. சுற்றிலும் கம்பிவேலி. பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும் எங்கள் ஆட்கள். சினிமாக் கொட்டகையில் கயிறு கட்டிப் பிரித்த முன்வரிசை எங்களுக்கு. ஆஸ்பத்திரியில் பின்பக்கத்து வராந்தா. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டதால் கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, படத்தைப் பற்றித்தான் பேசுவோம்.

மெர்வின் குடிசைக்கு அடுத்தது எங்களுடையது. நடுவில் ஒரு தகரம்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

மெர்வ் ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். பெரிய பண்ணைகளின் கொட்டகைகளில் சீசன் முழுக்க முதுகை வளைத்து நிற்பான். ரோமத்தின் பிசுக்கு ஊறி ஊறி அவன் உள்ளங்கை மட்டும் குழந்தையின் கன்னம்போல மெத்தென்று இருக்கும். டல்சி ஆஸ்பத்திரியில் சலவைக்காரி. செப்பு அண்டாவில் போர்வைகளைக் கொதிக்கவிட்டுத் துடுப்பால் கிண்டிக் கிண்டி அவள் தோள் ஆம்பிளைத் தோள் ஆகியிருந்தது. லோர்னாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மிஞ்சியது இவள் ஒருத்தி.

அன்று சாயங்காலம் மெர்வின் அக்கா குயீனி ஆற்றில் பிடித்த மீனோடு வந்திருந்தாள். நல்ல பருமன், நல்ல குரல். சீட்டாட்டத்தில் ஏமாற்றாமல் ஜெயிக்கத் தெரியாது அவளுக்கு. பிடிபட்டால் நம்மைவிட அவள்தான் அதிகமாகச் சிரிப்பாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. தாய் செத்த பிறகு மெர்வை வளர்த்தது அவள்தான். வெல்ஃபேர் கார் பிள்ளைகளைப் பொறுக்கிப் போர்டு விடுதிக்குக் கொண்டுபோக வந்த ஒரு நாளில், அவனை மடியில் அமுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக் கோரைக்குள் கொசுக்கடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். அழாமல் இருக்க அவன் வாயில் தன் விரலைக் கொடுத்தாளாம்; அவன் கடித்த தழும்பு அவள் சுண்டுவிரலில் கடைசிவரை இருந்தது.

மீன் கனலில் வெந்துகொண்டிருந்தது. டல்சி சாம்பலுக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்துத் தட்டியபடியே சொன்னாள்.

"மெர்வ், அந்த லைசென்ஸ எடுத்துடு."

"எந்த லைசென்ஸ்?"

"தெரியாத மாதிரி கேக்காத. போர்டு குடுக்கற விலக்குப் பத்திரம்."

மெர்வ் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அது நாய் லைசென்ஸ் டல்சி. ஊருக்குள்ள திரியறதுக்குக் கழுத்துல கட்டி விடறது."

"நாய்க்குக் குடுக்கறதோ பன்னிக்குக் குடுக்கறதோ. அது இருந்தா ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு."

"நீ எப்பக் கேட்ட அவர?"

"அவரு பொண்டாட்டி பிரசவத்துக்கு வந்திருந்தா. நான் படுக்கை மாத்தப் போனேன். மனுஷன் சந்தோஷமா நின்னுட்டு இருந்தாரு. சந்தோஷமா இருக்கும்போதே கேட்டுறணும்னு கேட்டுட்டேன்."

குயீனி மீனைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கும்னு தெரியுமா? இவன் இனிமே கறுப்பன் இல்லன்னு எழுதியிருக்கும். இவன் மூஞ்சியப் பாத்துட்டுமா எழுதுவானுங்க?"

"மதினி, நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். எம் மீனு வேகுதான்னு பாத்துட்டு இருக்கேன். ஏண்டா மெர்வ், அத வாங்கினா மிஷனுக்குள்ள கால் வெக்கக் கூடாதுல்ல? எங்களோட சவகாசம் கூடாதுல்ல?"

"சொந்தக்காரங்களப் பாக்க மேனேஜர் அனுமதி குடுப்பாராம்," என்றாள் டல்சி.

"குடுப்பாரு. போன கிறிஸ்மசுக்குப் போர்வை குடுத்த மாதிரி குடுப்பாரு. இன்னும் வந்துட்டே இருக்கு அது."

மெர்வ் சிரித்துவிட்டான். டல்சி சிரிக்கவில்லை.

"சிரிங்க. ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. என் கையப் பாருங்க மதினி. சலவைக் காரத்துல வெந்து தோல் தோலா உரியுது. இவ எங்கூடவே வந்து அந்த அண்டா முன்னாடி நிக்கணுமா? போன வாரம் துரைசானி சொல்றா, லோர்னா இஸ்திரி ரொம்ப நல்லாப் போடறா, அவளுக்குன்னு தனிப் பெட்டி வாங்கித் தரேன்னு. பள்ளிக்கூடத்துல குடுக்கற பரிசு இஸ்திரிப் பெட்டியா?"

மெர்வ் மகளைப் பார்த்தான். "உனக்குப் போகணுமா?"

லோர்னா அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் குயீனியிடம் கேட்டாள். "நாலாம் வகுப்புப் புஸ்தகம் எப்படி இருக்கும் அத்தை?"

குயீனி மீன் முள்ளைத் தேடுவதுபோல ரொம்ப நேரம் தட்டையே பார்த்தாள். "எனக்கென்னடி தெரியும்? நான் மூணே தாண்டல," என்றாள். பிறகு தம்பியிடம் திரும்பி, "எடுத்துத் தொலைடா. என்னைச் சாக்கு வெச்சு அவ படிப்பக் கெடுக்காத," என்றாள். மீனை முழுசாகச் சாப்பிடாமலே எழுந்துபோனாள்.

மெர்வ் மனு எழுதிப் போட்டான். மேனேஜர் வந்து டல்சியின் பானை மூடிகளைத் திறந்து பார்த்தார். மெத்தையைப் புரட்டினார். கட்டிலுக்கடியில் சாராயப் பாட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மெர்வ் நல்லவன் என்று போலீஸ் சார்ஜெண்ட் கையெழுத்துப் போட்டார். பிறகு பத்திரம் வந்தது, மெர்வின் போட்டோ ஒட்டியிருந்தது. அதில் அவன் விழித்திருந்த விழியைப் பார்த்து மிஷனே சிரித்தது.

சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று ஆண்கள் எல்லாரும் வேலிப்பக்கம் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரோலிதான் முதலில் ஆரம்பித்தார். "என்ன வெள்ளக்காரரே, எங்களையெல்லாம் டீக்குக் கூப்புடுவீங்களா?"

"எல்லாரையும் கூப்புடுவேன். உன்னத் தவிர. நீ ஸ்பூனத் திருடுவ."

"தொப்பியக் கழட்டிட்டு வரணுமா, போட்டுட்டே வரலாமா?"

"குளிச்சிட்டு வா, போதும்."

சிரிப்புக்கு நடுவில் மெர்வ் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குயீனியைக் காணோம். ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வண்டி கேட்டைத் தாண்டுகிறவரை திரும்பவில்லை.

ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. ஜன்னலுக்குக் கண்ணாடி இருந்தது. குழாய் சமையலறைக்கே வந்தது. முதல் வாரம் டல்சி காரணமில்லாமல் குழாயைத் திறந்து திறந்து மூடினாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலியோரம் காய்ந்த தன் துணிகளை எடுத்து மறுபக்கக் கொடிக்கு மாற்றிவிட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. காலையில் தலையைக்கூட ஆட்டுவாள்.

ஊர்ப் பள்ளியில் லோர்னாவுக்கு நாலாம் வகுப்புப் புத்தகம் கிடைத்தது. முதல்நாள் வீட்டுக்கு வந்து அதை மோந்து பார்த்தாளாம். கடைசி பெஞ்சில் அவளுக்கு இடம். அந்த பெஞ்சில் இன்னொரு பிள்ளை உட்காரவில்லை. டீச்சர் திட்டவும் இல்லை, உட்காரச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் எல்லாரும் குடித்து முடிகிறவரை அவளாகவே தள்ளி நிற்கப் பழகிக்கொண்டாள். அவளை யாரும் அடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கேலி செய்தது ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு அவள் பெயரே தெரியாது. மிஷனில் பிள்ளைகள் நாய்க்குட்டிகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரளும். இவள் சாயங்காலம் சந்தைப் பட்டியின் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கோடை வந்தது. தகரம் சுடுகிற கோடை. ஒருநாள் டீச்சர் வகுப்பு முழுவதையும் வரிசையாக ஊர் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளத்து வாசலில் இருந்த ஆள் லோர்னாவின் தோளில் கை வைத்து நிறுத்தினான். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லோர்னா, நீ துண்டுகளப் பாத்துக்கோ," என்றாள். மற்ற பிள்ளைகளின் துண்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள் அவள். ஆற்றில் எங்கள் பிள்ளைகளிலேயே நன்றாக நீந்துகிறவள் அவள்தான்.

மெர்வ் மறுநாள் பத்திரத்தோடு போனான்.

"இதப் பாருங்க. எங்க குடும்பத்துக்கு விலக்கு இருக்கு."

அந்த ஆள் படித்துப் பார்த்து மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தானாம். "இது போர்டு குடுத்தது. தண்ணி முனிசிபாலிட்டியோடது."

பாரில் குடிக்க இப்போது மெர்வுக்கு உரிமை உண்டு. போனான். பலகையின் கோடியில் நின்று ஒரு கிளாஸ் குடித்தான். கொட்டகையில் பக்கத்தில் நின்று ரோமம் கத்தரிக்கிற வெள்ளைக்காரர்களே அங்கே அவனைத் தெரியாததுபோல இருந்தார்கள். வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், ரோலி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தால் மெர்வுக்கு ஜெயில். இருவரும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் பிரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் ஆற்றில் சந்தித்தார்கள். எல்லைக் கம்பிக்கு உள்ளே அவள், வெளியே அவன். இரண்டு தூண்டிலும் ஒரே மடுவில். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் பிடித்த மீனைக் கம்பிக்கு மேலே வீசுவாள், அவன் லோர்னா படித்த கதை எதையாவது சொல்வான். மேனேஜர் ஒருநாள் குதிரையில் வந்து பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "மெர்வின், இது சவகாசத்துல சேரும். இந்த ஒரு தடவ நான் பாக்கல," என்றார். அதோடு அது நின்றது.

அந்த வருஷக் குளிர்காலம் மோசம். காலையில் புல் உறைபனியில் கண்ணாடிபோல நொறுங்கும். பகலில் தூறல். கரிசல் மண் ஈரமானால் காலை விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் பூட்ஸில் ஒரு வீசை சேறு ஏறும். குயீனிக்கு நெஞ்சில் சளி கட்டியது. முதலில் சீட்டாட்டத்துக்கு நடுவில் இருமினாள், பிறகு சீட்டாட வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அந்தப் பின்வராந்தாக் காத்துல கெடந்து சாகறதுக்கு என் குடிசையே தேவல. இங்கயாவது ஓட்டை எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

நானும் மற்றப் பெண்களும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். கங்காரு வால் சூப்பை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினோம். பாதி வெளியே வரும். நான்தான் ஆஸ்பத்திரிச் சலவைக் கொட்டகைக்குப் போய் டல்சியிடம் சொன்னேன். துடுப்பை அண்டாவிலேயே விட்டுவிட்டு அவள் மெர்விடம் ஓடினாள்.

அவன் மிஷன் கேட்டுக்கு வந்தபோது நானும் அங்கே ரேஷன் வரிசையில் நின்றேன். மேனேஜர் வெளியே வந்தார்.

"துரை, அக்காவுக்கு ரொம்ப முடியல. ஒரு மணி நேரம் பாத்துட்டு வந்துடறேன்."

"எனக்கு வருத்தமாத்தான் இருக்கு மெர்வின். ஆனா நீ சிட்னிக்கு எழுதணும். பதில் வந்தா நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன்."

"பதில் வர்றதுக்குள்ள அவ இருக்கணுமே துரை."

"சட்டம் என் கையில இல்ல. நீ இப்ப உள்ள வந்தா நான் தடுக்க மாட்டேன். ஆனா நீ வந்தேன்னு நான் சிட்னிக்கு எழுதித்தான் ஆகணும். எழுதினா பத்திரம் போயிடும்." மேனேஜர் கொஞ்சம் நிறுத்தி, "பொண்ணு நல்லாப் படிக்குதாமே? ஹெட்மாஸ்டர் சொன்னாரு," என்றார்.

மெர்வின் கை கேட்டுத் தாழ்ப்பாளில் இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பாமல் ஊரைப் பார்த்து நடந்தான்.

நான் போய்க் குயீனியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"வந்தானா?"

"கேட் வரைக்கும் வந்தான்."

"போயிட்டானா?"

"போயிட்டான் அக்கா. அந்த மேனேஜர்..."

"சரியாத்தான் செஞ்சான். வரவேணாம்னு அவன்கிட்டச் சொல்லு. வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்னு சொல்லு." சொல்லிவிட்டு நிஜமாகவே தகரத்தின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்தே கேட்டாள். "போகும்போது திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான்," என்றேன்.

அவள் சொன்னதை நான் டல்சியிடம் சேர்த்தேன், டல்சி மெர்விடம் சேர்த்தாள். மறுநாள் அவன் தூரத்துப் பண்ணை ஒன்றில் ரோமம் கத்தரிக்கப் புறப்பட்டான். வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றானாம் டல்சியிடம். முடியும். ஊரில் இருந்தால் கால் மிஷனுக்கு இழுக்கும் என்று பயந்துதான் போனான்.

இதையெல்லாம் லோர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் சொல்லவேண்டிய அவசியமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளி இடைவேளையில் அவள் கிளம்பிவிட்டாள். ரோடு வழியாக வந்தால் தெரிந்துவிடும் என்று ஆற்றோரமாகவே சேற்றில் நடந்திருக்கிறாள். பள்ளிச் சீருடையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் விறகு பொறுக்கிவிட்டு வந்தபோது குயீனியின் வாசலில் அந்த ஷூ இரண்டும் சேறு படாமல் ஜோடியாக இருந்தது. உள்ளே பேச்சுக் குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு குயீனியின் பேச்சுக் குரல்.

லோர்னா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். டீயில் ரொட்டியை நனைத்து நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் இல்லியாடி இன்னிக்கு?" என்று நான் கேட்டேன்.

"லீவு," என்றாள் லோர்னா.

"லீவாம்," என்றாள் குயீனி. "எந்த ராஜா செத்தான்னு கேளு." இருமல் வந்தது. அடங்கியதும், "சொல்லு, அப்புறம்? நாலாம் வகுப்புல வேற என்ன சொல்லித்தராங்க?"

"நம்ம ஆத்தப் பத்திப் பாடம் இருக்கு அத்தை."

"நம்ம ஆத்தப் பத்தியா? புஸ்தகத்துலயா?"

"ஆமா. ஒரு துரை குதிரையில ரொம்பத் தூரம் வந்து, தண்ணியில்லாம கஷ்டப்பட்டு, இந்த ஆத்தக் கண்டுபிடிச்சாராம்."

குயீனி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "கண்டுபிடிச்சாரா? அதுக்கு முன்னாடி எங்க தொலைஞ்சு போயிருந்துச்சாம்?"

லோர்னா சிரிக்க, நான் சிரிக்க, குயீனி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமலில் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. இருந்தாலும் நடுவில் நடுவில் "தொலைஞ்சு போச்சாம்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேனேஜர் வந்தார்.

அவர் வாசலில் நின்று ஷூவைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தன் காரிலேயே லோர்னாவைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார். பள்ளி விடுகிற நேரம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் எல்லாரும், முழங்கால்வரை சேற்றோடு அவள் மிஷன் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார்கள்.

குயீனி மறுநாள் காலையில் போய்விட்டாள். நெருப்பு மூட்டிவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை.

பண்ணைக்கு ஆள் போய், மெர்வ் லாரியில் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி தயாராகிவிட்டது. எங்கள் இடுகாடு மிஷன் எல்லைக்குள், மணல் மேட்டில் இருக்கிறது. அவன் மறுபடி கேட்டுக்குப் போய்க் கேட்டான். "உன் பொண்ணு விஷயமா நேத்தே சிட்னிக்கு எழுதிட்டேன். பதில் வர்றவரைக்கும் எதுவும் செய்யறதுக்கு இல்ல மெர்வின்," என்றார் மேனேஜர்.

நாங்கள் குயீனியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கம்பிவேலிக்கு வெளியே அவன் நின்றான். ரோமப் பிசுக்கு உடுப்பைக்கூட மாற்றவில்லை. தொப்பி கையில். காற்று மணலை வாரி அடித்தது. நாங்கள் பாட்டுப் பாடினோம். அவன் வாய் அசைவது தெரிந்தது, குரல் எங்கள் பக்கம் வரவில்லை. முதல் பிடி மண் போடவேண்டியவன் அவன். ரோலி அவனுக்காக ஒரு பிடி போட்டார்.

வீட்டில் டல்சி மகளை அறைந்தாள். ஒரே ஒரு அறை. பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கேட்டேன். அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட நான்தான் வாயத் திறந்து கேட்டேன்."

மெர்வ், "அவ என்ன தப்பு செஞ்சா? நான் செய்யவேண்டியத அவ செஞ்சிருக்கா," என்றான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"செத்துப்போன அத்தைக்கு நெஞ்சு நோயாம். ஒட்டிக்கிற நோயா இருக்குமோன்னு பெற்றோர்கள் பயப்படறாங்க. லோர்னா கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி டாக்டரையே பாக்கச் சொல்றேன்," என்றாள் டல்சி.

"பாருங்க, பாருங்க. அப்புறம் சொல்றேன்."

டாக்டர் பார்த்தார். நோய் இல்லை என்றார். டல்சி போய்ச் சொன்னாள். மேலே கேட்கவேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். மேலே கேட்டுக்கொண்டே இருந்தார். லோர்னா நாலாம் வகுப்புப் புத்தகத்தின் மிச்சப் பாடங்களை வீட்டிலேயே படித்தாள். பிறகு புத்தகம் பள்ளிக்கூடத்துச் சொத்து என்று ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வசந்தம் தொடங்குகிற சமயம் சார்ஜெண்ட் வந்தார். போர்டு பத்திரத்தை ரத்து செய்துவிட்டது. மெர்வ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சார்ஜெண்டுக்குச் சங்கடம்தான். போகும்போது, "இனிமே நீ பாருக்குள்ள வரக் கூடாது மெர்வ், ஞாபகம் வெச்சுக்கோ," என்றார். பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர்போல, "ஆனா மிஷனுக்குப் போறதுக்கு இனி யார்கிட்டயும் கேக்கவேண்டியதில்ல," என்றார்.

பழைய குடிசைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டதால் மேனேஜர் அவர்களுக்குக் குயீனியின் குடிசையைக் கொடுத்தார். சாமான்களை இறக்க ஆண்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். பேசாமல் இறக்கினார்கள். லோர்னா மறுபடி மேனேஜர் மனைவியின் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பதினாலு வயதானதும் அம்மாவோடு ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போனாள். இந்தப் பத்திரச் சட்டமெல்லாம் பிற்பாடு ஒழிந்துபோனது. ஊர்ப் பள்ளிக்கூடமும் எல்லாருக்கும் திறந்தது. அதற்குள் லோர்னாவுக்கே பிள்ளைகள் இருந்தன.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் மெர்வ் மணல் மேட்டுக்குப் போனான். லோர்னா பின்னாலேயே ஓடினாள். எங்கள் சின்னப் பிள்ளையின் குழிமேட்டில் முளைத்த களையைப் பிடுங்கிக்கொண்டு நான் அங்கேதான் இருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், இருந்தால் இருக்கட்டும் என்பதுபோல விட்டுவிட்டார்கள்.

குயீனியின் மேடு மழையில் பாதி கரைந்திருந்தது. மெர்வ் அதைக் கையால் அள்ளி அள்ளிக் கூட்டினான். லோர்னாவும் எதிர்ப்பக்கமிருந்து மண்ணைத் தள்ளினாள். ரொம்ப நேரம் அதையே செய்தார்கள்.

"அக்கா என்னைக் கேட்டாளா?" என்றான் மெர்வ், தலை நிமிராமல்.

"கேட்டாங்க."

"எத்தன தடவ?"

"நான் உள்ள போனதும் கேட்டாங்க. அப்புறம் டீ குடிக்கும்போது. அப்புறமும்."

"நீ என்ன சொன்ன?"

"நீ வந்துட்டே இருக்கன்னு சொன்னேன்ப்பா. வழியெல்லாம் சேறு, அதான் லேட்டாகுதுன்னு சொன்னேன்."

மெர்வின் கை மண்ணிலேயே நின்றது.

"நம்பினாளா?"

லோர்னா மண்ணைத் தட்டிச் சமன் செய்தபடி, "அப்ப டீய ஆறவிடாதடி, அவனுக்கும் கொஞ்சம் வையின்னாங்க," என்றாள்.

மெர்வ் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சற்றுமுன் கூட்டிய மண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டுமே என்று டல்சி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். லோர்னாதான் பதில் குரல் கொடுத்தாள்.

"வர்றோம்மா. அப்பா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."